செத்த கம்ப்யூட்டர் நேரில் வரவும்!

பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்க எங்கள் தெருமுனை ஸ்டுடியோவுக்குப் போயிருந்தேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனால், ஸ்டுடியோ அண்ணன் ஒரு புத்தம்புது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். புது கம்ப்யூட்டர் வாங்கியவர் முகம் மாதிரி இல்லை. துக்க வீட்டு முகம்.

"என்னண்ணே, என்ன ஆச்சு?"

"பழசு போயிடுச்சு தம்பி. முந்தாநாள் ராத்திரி கரண்ட் ஏறி ஏறி இறங்குச்சு இல்ல? அதுல மதர்போர்டு காலி."

"ஐயய்யோ... போட்டோ எல்லாம்?"

"போட்டோ பத்திரமா இருக்கு. ஹார்ட் டிஸ்க் தப்பிச்சிடுச்சு. எல்லாத்தையும் இதுல ஏத்திட்டேன்."

"அப்புறம் என்ன கவலை? புதுசுதான் வந்தாச்சே!"

அவர் பதில் சொல்லவில்லை. திரையைத் திருப்பிக் காட்டினார். படங்களுக்கு மெருகு போடுகிற சாஃப்ட்வேர் ஒன்றைப் புது கம்ப்யூட்டரில் போட்டிருக்கிறார். காசு கொடுத்து, பில் போட்டு, பல வருஷத்துக்கு முன்னால் வாங்கிய ஒரிஜினல். அது திறக்க மறுத்து ஒரு பெட்டிச் செய்தி காட்டிக்கொண்டிருந்தது. ஆங்கிலத்தில் இருந்த அந்தச் செய்தியின் சாரம் இதுதான்: 'உமக்கு அனுமதித்த கம்ப்யூட்டர்களின் எண்ணிக்கை முடிந்துவிட்டது. பழைய கம்ப்யூட்டருக்குப் போய், அங்கே இதைச் செயலிழக்கச் செய்துவிட்டு வரவும்.'

"அதுதான் செத்துப் போச்சே அண்ணே?"

"அதைத்தான் நானும் ரெண்டு நாளாச் சொல்றேன். செத்தது நேர்ல வந்து கையெழுத்துப் போடணுமாம்."

இறந்தவரே வரிசையில் நின்று தன் இறப்புச் சான்றிதழுக்கு மனுக் கொடுக்க வேண்டும் என்று எந்தத் தாலுகா ஆபீஸிலும் சொன்னதில்லை. நம் அரசாங்க அலுவலகங்களை எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறேன் இந்தப் பக்கத்தில்! இன்றைக்கு வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். ஒரு கம்பெனியைத் திட்டித் தீர்த்துவிட்டுத் தூங்கப் போகிற விஷயம் இல்லை இது.

*

நான் பி.காம். படித்தவன். கம்ப்யூட்டர் சமாசாரம் எனக்குப் புரிய வேண்டுமென்றால் அதைக் கணக்குப் புத்தகமாக மாற்றிக்கொண்டால்தான் உண்டு. அன்றைக்கு அண்ணன் சொல்லச் சொல்ல அப்படித்தான் மாற்றிக்கொண்டேன். உங்களுக்கும் அப்படியே சொல்கிறேன்.

ஒரு கடையில் வவுச்சர்கள் இருக்கும். பேரேடு இருக்கும். வவுச்சர் என்பது சீட்டு. அதற்கு மேல் ஒரு மதிப்பும் இல்லை. எந்தச் சீட்டு எந்தக் கணக்கில் எந்தப் பக்கத்தில் ஏறியிருக்கிறது என்று சொல்வது பேரேடு. சீட்டையெல்லாம் மூட்டை கட்டிப் புதுக் கடைக்குக் கொண்டுபோய், பேரேட்டைப் பழைய கடையிலேயே விட்டுவிட்டால் என்ன ஆகும்? முதலாளியிடம் எல்லாம் இருக்கிறது. ஆனால் ஒன்றும் இல்லை.

இந்தக் காலத்துப் படத் திருத்த சாஃப்ட்வேர்களில் பலவும் இதே ஏற்பாட்டில்தான் இயங்குகின்றன. நீங்கள் படத்தில் வெளிச்சம் கூட்டினால், நிறம் மாற்றினால், ஓரம் வெட்டினால், மூலப் படத்தை அவை தொடுவதே இல்லை. 'இந்தப் படத்துக்கு இவ்வளவு வெளிச்சம், இவ்வளவு சிவப்பு' என்று தனியாக ஒரு பேரேட்டில் எழுதி வைத்துக்கொள்கின்றன. நல்ல ஏற்பாடுதான். மூலம் கெடாது. எப்போது வேண்டுமானாலும் பழையபடி திரும்பலாம்.

சிக்கல் எங்கே என்றால், அந்தப் பேரேடு படத்தோடு இருப்பதில்லை. கம்ப்யூட்டரின் ஏதோ ஓர் உள்ளறையில் இருக்கிறது. சாதாரணமாகக் கண்ணில் படாதபடி மறைத்து வைத்த அறை. நீங்களே செய்து வைத்த செட்டிங்குகள், பிரஷ்கள், ஒரே சொடுக்கில் பத்து வேலை செய்யும் கட்டளைத் தொகுப்புகள் எல்லாம் அதே மாதிரி வேறு வேறு அறைகளில். போதாததற்கு, பேரேட்டில் 'டி டிரைவில் இன்ன ஃபோல்டரில்' என்று பக்க எண் போட்டு எழுதியிருக்கும். புது கம்ப்யூட்டரில் டி டிரைவ் ஈ டிரைவ் ஆகிவிட்டால் தீர்ந்தது. படம் பக்கத்திலேயே இருக்கும்; சாஃப்ட்வேர் 'காணவில்லை' என்று கேள்விக்குறி போட்டுக் காட்டும். தெரிந்தவர்கள் வழி காட்டிச் சரி செய்துவிடுவார்கள். தெரியாதவர்கள் அழுவார்கள்.

ஆக, ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குக் குடிபோக நாலு சாமான்களைத் தூக்க வேண்டும். படங்கள் ஒன்று. பேரேடு இரண்டு. செட்டிங்குகள் மூன்று. சாஃப்ட்வேரை ஓட்டுவதற்கான அனுமதி நாலு. முதல் சாமானை உங்கள் பேரன் பென்டிரைவில் தூக்கிவிடுவான். மற்ற மூன்றுக்கும் கதவில் காவலாளி நிற்கிறான்.

*

"செட்டிங்தானேண்ணே, திரும்பப் போட்டுக்க வேண்டியதுதானே?" என்று விவரம் தெரியாமல் கேட்டுவிட்டேன்.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. பக்கத்தில் இருந்த கல்யாண ஆல்பத்தைப் பிரித்துக் காட்டினார்.

"இந்தப் பொண்ணு நிறத்தைப் பாருங்க தம்பி. நல்ல கறுப்பு. களையான கறுப்பு. மேடையில மஞ்சள் லைட்டு ஒருபக்கம், வீடியோக்காரன் வெள்ளை லைட்டு ஒருபக்கம், நடுவுல ஹோமப் புகை. கேமரா எடுத்ததை அப்படியே விட்டா இவ முகம் சாம்பல் பூத்துடும். வெளிச்சம் கூட்டினா சுண்ணாம்பு ஆயிடும். இந்த நிறம் இந்த நிறமாவே வர்றதுக்கு நான் 11 வருஷமா ஒவ்வொரு கல்யாணத்துலயும் கொஞ்சம் கொஞ்சமாத் திருத்தித் திருத்தி வெச்ச செட்டிங்கு அது. மண்டபத்துக்கு மண்டபம் தனித்தனியா வெச்சிருந்தேன்."

இதை நீங்கள் லேசாக எடுத்துக்கொள்ளக்கூடாது. போட்டோ உலகத்தில் தோல் நிறம் என்பது பெரிய வரலாறு. ஃபிலிம் காலத்தில் கோடாக் கம்பெனி, பிரிண்ட் போடுகிற லேப்களுக்கு ஓர் அளவுகோல் அட்டை அனுப்பும். 'ஷிர்லி கார்டு' என்று பெயர். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். அவர் முகம் சரியாக வந்தால் இயந்திரம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். உலகத்தில் மற்ற நிறக்காரர்கள் எப்படி வந்தாலும் சரி! 1990-களில்தான் பல நிறத்துப் பெண்கள் சேர்ந்திருக்கும் அட்டை வந்தது. அதுவரை நம் ஊர் லேப்காரர்களும் இருட்டறைக்காரர்களும் தங்கள் கண்ணையும் கையையும் நம்பித்தான் நம் நிறத்தை நம் நிறமாகக் கொண்டுவந்தார்கள்.

அந்தக் கண்ணும் கையும்தான் இப்போது 'செட்டிங்' என்ற பெயரில் கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்திருக்கிறது. சமையல்காரர் ஒரு ஹோட்டலை விட்டு இன்னொரு ஹோட்டலுக்குப் போனால் அண்டாவையும் கரண்டியையும் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும், நியாயம். ஆனால் கைப்பக்குவத்தையும் வைத்துவிட்டுப் போ என்று எந்த முதலாளியாவது கேட்டிருக்கிறாரா? இங்கே கேட்கிறார்கள்.

*

இது ஒரு ஸ்டுடியோக்காரர் பாடு, நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டப் பார்க்கிறீர்கள். இருங்கள். உங்கள் வீட்டு கதைக்கே வருகிறேன்.

பிகாசா ஞாபகம் இருக்கிறதா? கூகுள் 2004-ல் வாங்கி இலவசமாகக் கொடுத்த சாஃப்ட்வேர். டிஜிட்டல் கேமரா வாங்கிய வீடுகளிலெல்லாம் இருந்தது. கண்ணில் விழுந்த சிவப்பை எடுப்பது, சாய்ந்த படத்தை நிமிர்த்துவது எல்லாம் அதில்தான். 2009-ல் முகங்களை அடையாளம் கண்டு பெயர் எழுதி வைக்கிற வசதியும் வந்தது. எத்தனை அம்மாக்கள் உட்கார்ந்து, 'இது சித்தி, இது காரைக்குடி பெரியப்பா' என்று பெயர் போட்டார்கள்! 2016 மார்ச்சில் கூகுள் அந்தக் கடையைச் சாத்திவிட்டது. ஏற்கெனவே கம்ப்யூட்டரில் இருந்தது ஓடியது, அவ்வளவுதான். புது கம்ப்யூட்டர் வாங்கிப் படங்களை மாற்றியவர்கள் பலருக்கு அப்புறம்தான் தெரிந்தது, நிமிர்த்திய படம் மறுபடி சாய்ந்திருக்கிறது என்று. திருத்தம் படத்தில் இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு குட்டிக் கோப்பில் இருந்தது. படத்தை மட்டும் பொறுக்கி எடுத்து வந்தால் அது வராது. பெரியப்பா வந்தார், பெரியப்பா பெயர் வரவில்லை.

ஆப்பிள் கதையும் இதுதான். அப்பெர்ச்சர் என்று தொழில்முறைப் புகைப்படக்காரர்களுக்காக 2005-ல் ஒன்று கொண்டுவந்தது. 2014-ல் 'இனி வளர்க்கப் போவதில்லை' என்று அறிவித்தது. 2019-ல் வந்த மேக் இயங்குதளத்தில் அது ஓடவே ஓடாது. அதை நம்பிப் பேரேடு எழுதியவர்கள் மூட்டை கட்டினார்கள்.

இனி பெரிய அண்ணன். ஃபோட்டோஷாப் 1990-ல் வெளிவந்தது. தாமஸ் நோல், ஜான் நோல் என்ற அண்ணன் தம்பி எழுதியது, அடோபி விற்றது. பதின்மூன்று வருஷம் சீரியல் எண் இருந்தால் போதும், எந்த கம்ப்யூட்டரில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்ற நிலை. 2003-ல் விண்டோஸ் பதிப்பில் 'ஆக்டிவேஷன்' வந்தது. கம்பெனியின் சர்வர் தலையாட்டினால்தான் உங்கள் கம்ப்யூட்டரில் சாஃப்ட்வேர் ஓடும். பத்து வருஷம்கூட ஆகவில்லை. 2005-ல் விற்ற சிஎஸ்2-வுக்குத் தலையாட்டிய சர்வரையே அடோபி மூடிவிட்டது. காசு கொடுத்து வாங்கியவர்கள் கதி? 2013 தொடக்கத்தில் ஆக்டிவேஷன் கேட்காத பிரதி ஒன்றைப் பழைய வாடிக்கையாளர்களுக்காக வெளியிட்டார்கள். நல்ல காரியம், பாராட்டுவோம். ஆனால் அந்தக் காரியத்துக்குள் ஒரு வாக்குமூலம் இருக்கிறது பாருங்கள்: பூட்டு இல்லாமலே சாஃப்ட்வேர் நன்றாக ஓடும். பூட்டு நமக்காகப் போட்டது இல்லை.

அதே 2013 மே மாதம், இனிப் புதுப் பதிப்புகளை விற்கப் போவதில்லை, சந்தாதான் என்று அடோபி அறிவித்தது. லைட்ரூமுக்கு மட்டும் கொஞ்ச காலம் விதிவிலக்கு இருந்தது. 2015-ல் வந்த ஆறாம் பதிப்புதான் விலைக்குக் கிடைத்த கடைசி லைட்ரூம். சந்தா நின்றால் என்ன ஆகும்? நியாயமாகச் சொல்ல வேண்டும்: லைட்ரூம் கிளாசிக்கில் படங்களைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம். ஆனால் திருத்தும் அறை பூட்டிக்கொள்ளும். பத்து வருஷமாக நீங்கள் எழுதிய பேரேட்டைப் படிக்கலாம், அந்த அறைக்குள் போய்ப் பழையபடி எழுத முடியாது.

இதெல்லாம் மிகைப்படுத்தல் என்று நினைப்பவர்கள் வெனிசுலாவைக் கேளுங்கள். 2019-ல் அமெரிக்க அரசாங்கம் அந்த நாட்டு அரசு மேல் தடை போட்டது. அக்டோபரில் அடோபி, வெனிசுலாவில் இருக்கும் எல்லாக் கணக்குகளையும் முடக்கப் போவதாக அறிவித்தது. பணமும் திரும்பக் கிடைக்காது என்றது. கூச்சல் எழுந்த பிறகு பணம் தரலாம் என்றது. கடைசியில் அமெரிக்க அரசிடம் அனுமதி வாங்கி, முடக்காமல் விட்டது. எல்லாம் சுபம். ஆனால் அந்த மூன்று வாரம், கராகஸ் நகரத்து ஸ்டுடியோ அண்ணன் ஒருவர் எப்படித் தூங்கியிருப்பார்? அவர் செய்த குற்றம் என்ன? கல்யாணப் படம் எடுத்தது.

*

இப்போது பி.காம். பாடத்துக்கு வருகிறேன். இரண்டாம் வருஷமோ என்னவோ, வணிகச் சட்டம் என்று ஒரு பேப்பர். அதில் 1930-ம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம். விற்பனை என்றால் என்ன? விலை கொடுத்ததற்கு ஈடாகப் பொருளின் உரிமை விற்பவரிடமிருந்து வாங்குபவருக்கு மாறுவது. அதோடு 14-ம் பிரிவு. வாங்கியவர் அந்தப் பொருளை இடையூறு இல்லாமல் வைத்து அனுபவிக்கலாம் என்ற உறுதிமொழி, எழுதாவிட்டாலும் ஒவ்வொரு விற்பனைக்குள்ளும் இருக்கிறதாம். மனப்பாடம் செய்து எழுதினேன், மார்க்கும் வந்தது.

சாஃப்ட்வேர் சரக்கா, இல்லையா? இந்தக் கேள்வி நம் உச்ச நீதிமன்றத்துக்கே போனது. 2004 நவம்பரில், டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் ஆந்திர அரசுக்கு எதிராகப் போட்ட வழக்கில் ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள்: கடையில் தயாராகக் கிடைக்கும் சாஃப்ட்வேர் சரக்குதான், விற்பனை வரி உண்டு. 2021 மார்ச்சில் வருமான வரி வழக்கு ஒன்றிலும், இப்படி சாஃப்ட்வேர் வாங்குவது காப்புரிமையை வாங்குவதல்ல, ஒரு பொருளின் பிரதியை வாங்குவதுதான் என்றது உச்ச நீதிமன்றம். நம் ஆடிட்டர்கள் பல வருஷமாக கம்ப்யூட்டரோடு சேர்த்து சாஃப்ட்வேருக்கும் தேய்மானம் எழுதுகிறார்கள். சொந்தச் சொத்துக்குத்தானே தேய்மானம்?

ஆக, வரி கேட்கிறபோது அது சரக்கு. கணக்கெழுதுகிறபோது அது சொத்து. என் புது கம்ப்யூட்டருக்கு எடுத்துக்கொண்டு போகிறேன் என்றால் மட்டும், "சரக்கா? யார் சொன்னது? நாங்கள் உமக்குக் கொடுத்தது வெறும் அனுமதி. 'சம்மதம்' என்று நீர் அமுக்கினீரே, அந்தப் பத்திரத்தில் இருக்கிறது பாரும்" என்கிறார்கள்.

அந்தப் பத்திரத்தை யார் படித்தார்? பெண் பார்க்க வந்த இடத்தில் 'சம்மதமா' என்று கேட்டால் பெண் தலைகுனிந்தாவது 'இல்லை' என்று சொல்ல முடியும். இங்கே 'சம்மதமில்லை' பொத்தானை அமுக்கினால் வாங்கின சாமான் வேலை செய்யாது. அதற்குப் பெயர் சம்மதமா?

வெளிநாட்டில் கொஞ்சம் விழித்துக்கொண்டார்கள். 2012-ல் ஐரோப்பிய நீதிமன்றம், கால வரையறை இல்லாமல் விற்ற சாஃப்ட்வேர் பிரதியை வாங்கியவர் மறுபடி விற்கலாம், தன்னிடம் உள்ளதை அழித்துவிட வேண்டும், அவ்வளவே என்றது. அங்கே அடுத்தவனுக்கே விற்கலாம். இங்கே என் மேஜையில் இருந்து என் மேஜைக்கே மாற்ற முடியவில்லை! கலிபோர்னியாவில் 2025 முதல் ஒரு சட்டம். கொடுப்பது வெறும் அனுமதிதான், பிறகு பறித்துக்கொள்ள முடியும் என்றால், அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்ற சொல்லைப் போட்டு விற்கக்கூடாது. குறைந்தபட்சம் பொய் சொல்லாதே என்கிறது அந்தச் சட்டம்.

*

கம்பெனிகள் தரப்பிலும் நியாயம் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

"உங்கள் ஊரில் திருட்டு சிடி ஓடாத தெரு உண்டா? பூட்டாமல் என்ன செய்வது?" என்பார்கள். ஐயா, உண்மை. ரிச்சி தெருவில் ஐம்பது ரூபாய்க்கு உலகத்தையே சிடியில் வாங்கிய தலைமுறைதான் நாங்கள். எழுதியவன் உழைப்பைத் திருடினோம், தப்பு. ஆனால் உங்கள் பூட்டு யாரைத் தடுத்தது? அண்ணன் கடைக்கு எதிரே ஒரு பையன் ஸ்டுடியோ வைத்திருக்கிறான். பூட்டு உடைத்த பிரதிதான். அவனும் அதே வாரம் கம்ப்யூட்டர் மாற்றினான். பத்து நிமிஷத்தில் வேலையை ஆரம்பித்துவிட்டான். பில் போட்டு வாங்கிய அண்ணன் நாலு நாள் கடையை மூடினார். "ஒரிஜினல் வாங்கினதுக்கு அபராதமா தம்பி?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. யோக்கியனை மட்டும் தடுக்கிற பூட்டுக்குப் பெயர் பூட்டு இல்லை.

"சந்தா கட்டினால் எல்லாம் மேகத்தில் இருக்குமே, எந்த கம்ப்யூட்டரிலும் திறக்கலாமே" என்பார்கள். சரி. புதிதாகத் தொழில் ஆரம்பிப்பவருக்கு மொத்தமாகப் பணம் புரட்டுவதைவிட மாத வாடகை சௌகரியம்தான். வாடகைக்கு நான் விரோதி அல்ல. நானே வாடகை வீட்டில் இருக்கிறவன். ஆனால் வீட்டைக் காலி செய்கிறபோது என் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு போக விடுவார் என் வீட்டுக்காரர். அதைத்தான் கேட்கிறேன். அந்த வாடகை ஒப்பந்தத்திலிருந்து வெளியே வருவதே பாடு என்று அமெரிக்காவிலேயே புகார். முன்கூட்டி விலகினால் கட்ட வேண்டிய கட்டணத்தை வாடிக்கையாளர் கண்ணில் படாமல் மறைத்ததாக 2024 ஜூனில் அடோபி மேல் அமெரிக்க அரசு வழக்கே தொடுத்தது.

"ஒருவர் சாஃப்ட்வேரின் செட்டிங் இன்னொருவர் சாஃப்ட்வேரில் எப்படி ஓடும்? தொழில்நுட்பம் இடம் தராது" என்பார்கள். இதில் பாதி நிஜம். ஒருவர் கடையின் 'வெளிச்சம் 20' இன்னொருவர் கடையில் வேறு மாதிரி விழும். மீதிப் பாதி? படத்தோடு குறிப்புகளைச் சேர்த்து எழுதுகிற எக்ஸ்எம்பி என்ற பொது முறையை உருவாக்கியதே அடோபிதான்; 2012-ல் அது சர்வதேசத் தரமாகவும் ஆகிவிட்டது. டார்க்டேபிள் போன்ற இலவச, திறந்த சாஃப்ட்வேர்கள் ஒவ்வொரு படத்துக்குப் பக்கத்திலேயே அதன் திருத்தக் குறிப்பைத் தனிக் கோப்பாக எழுதி வைக்கின்றன. காசு வாங்காதவர்களுக்கு முடிகிறது. வாங்குகிறவர்களுக்கு மனசு வர வேண்டும். அதிலும் அண்ணன் கேட்டது அடுத்த கம்பெனிக்கு மாறுவதைக்கூட இல்லை. அதே கம்பெனி, அதே சாஃப்ட்வேர், வேறு பெட்டி. இதற்கு என்ன தொழில்நுட்பத் தடை?

*

செல்போன் நம்பர் விஷயம் ஞாபகம் இருக்கிறதா? கம்பெனி சரியில்லை என்று தெரிந்தும் நம்பர் போய்விடுமே என்று எத்தனை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தோம்! 2010 நவம்பரில் ஹரியானாவில் ஆரம்பித்து, 2011 ஜனவரியில் நாடு முழுக்க, நம்பரை மாற்றாமல் கம்பெனி மாறலாம் என்று வந்துவிட்டது. வானம் இடிந்து விழவில்லை. கம்பெனிகள்தான் கொஞ்சம் மரியாதையாகப் பேச ஆரம்பித்தன. நம்பரை எடுத்துக்கொண்டு போகலாம் என்று விதி வந்ததும் எல்லாம் முடிந்தது.

அதே மாதிரி, 'உன் தகவலை எடுத்துக்கொண்டு போகும் உரிமை' என்று ஒன்று 2018-ல் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு எழுதிய தகவல் பாதுகாப்பு வரைவில் இருந்தது. 2019 மசோதாவிலும் இருந்தது. 2023-ல் சட்டமாக நிறைவேறியபோது பார்த்தால், அந்தப் பகுதியைக் காணோம். அது இருந்திருந்தால் அண்ணன் செட்டிங் மறுநாளே வந்திருக்கும் என்று கதைவிட மாட்டேன். ஆனால் ஒரு வாசல் திறந்திருக்கும். திறந்த வாசலை யார் சாத்தினார்கள், ஏன் என்று நாம் கேட்கவே இல்லையே?

நான் கேட்பது மூன்றே மூன்று. விலைக்கு விற்றது என்றால் பழைய பெட்டி செத்தாலும் புதுப் பெட்டியில் ஓட வேண்டும். பில்லைக் காட்டினால் போதும். நான் எழுதிய செட்டிங்கும் திருத்தமும் ஒரே இடத்தில், ஒரே சொடுக்கில், மூட்டையாக என் கையில் வர வேண்டும். கம்பெனி கடையைச் சாத்துகிற அன்றைக்குப் பூட்டைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அதை எதிர்த்து மாநில ஆணையத்துக்குப் போகலாம். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்கியவரும் அந்தச் சட்டத்தின் கண்ணில் நுகர்வோர்தான். போவதற்கு ஆள்தான் வேண்டும்.

சட்டம் வருகிறபோது வரட்டும். அதுவரை நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பழைய கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கும்போதே அதில் சாஃப்ட்வேரிலிருந்து வெளியேறுங்கள், அனுமதியை விடுவியுங்கள். பெட்டியைத் தானம் கொடுப்பதற்கு முன் இது முதல் வேலை. செட்டிங்குகளை வெளியே எடுக்கும் வசதி மெனுவில் எங்கோ இருக்கும். தேடி எடுத்து, மாதம் ஒரு தடவை தனி டிஸ்கில் வையுங்கள். திருத்தக் குறிப்பைப் படத்தோடு சேர்த்து எழுதும் வசதி இருந்தால் இன்றைக்கே முடுக்கிவிடுங்கள். முக்கியமான படங்களைத் திருத்தி முடித்த நிலையில் சாதாரண ஜேபெக் பிரதியாகவும் வையுங்கள். பேரேடு போனாலும் அது நிற்கும்.

அண்ணன் என்ன ஆனார்? கம்பெனிக்குப் பத்துத் தடவை எழுதினார். முதலில் இயந்திரம் பதில் சொன்னது. பிறகு மனிதர் ஒருவர் வந்து, பழைய பதிப்புக்கு இப்போது உதவி இல்லை, புதுசுக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று பணிவாகச் சொன்னார். வேறு வழி? மாறிக்கொண்டார். செட்டிங் இல்லை. நாலு ராத்திரி உட்கார்ந்து 1,400 படங்களை முதலிலிருந்து திருத்தி ஆல்பம் கொடுத்தார். பெண்ணின் அம்மா புரட்டிப் பார்த்துவிட்டு, "படம் நல்லா இருக்கு தம்பி. ஆனா எம் பொண்ணு மாதிரி இல்லையே, வெளிறிப்போயிட்டாளே" என்றாராம்.

நம் ஊரில் பெண்ணை வெளுக்கச் சொல்கிற அம்மாக்களைத்தான் பார்த்திருக்கிறோம். தன் பெண்ணின் கறுப்பைத் திருப்பிக் கேட்ட அந்தத் தாய்க்குக் கொடுக்க அண்ணனிடம் அன்றைக்கு ஒன்றும் இல்லை. 11 வருஷமாக இருந்தது. அந்த வாரம் இல்லை.

போன வாரம் என் பாஸ்போர்ட் போட்டோவை வாங்கப் போனேன். அண்ணன் மேஜையில் ஒரு நீளக் கணக்கு நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு மண்டபத்தின் பெயர், கீழே பால்பாயின்ட் பேனாவில் வரிசையாக எண்கள். வெளிச்சம் இவ்வளவு, மஞ்சள் இவ்வளவு, சிவப்பு இவ்வளவு. முதலிலிருந்து கண்டுபிடித்து எழுதிக்கொண்டிருக்கிறார்.

"என்னண்ணே, கம்ப்யூட்டர் காலத்துல நோட்டா?"

"இதைத் திறக்க யாரையும் கேக்க வேண்டாம் தம்பி" என்றார்.